சீற்றைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்



ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கதையைப் பற்றியோ கட்டுரையைப் பற்றியோ அல்ல, கடிதம் முழுவதும் சைக்கிள். மகனுக்கு இந்த வருடம் பதினேழு வயது. பள்ளிக்கூடச் சிநேகிதர்களோடு டொன் பள்ளத்தாக்கில் உள்ள குரோதர்ஸ் வுட்ஸ் காட்டுப் பாதைகளில் இரவல் சைக்கிள் ஓடிப் பழகியவன், இப்போது முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக் ஒன்று தனக்கென்று வேண்டும் என்கிறானாம். அம்மாவிடம் இருப்பது 1200 டொலர். மேலதிக நேரம் வேலை செய்து சேர்த்த காசு. "இந்தக் காசுக்குப் புதிதாக நல்லது வராது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கிஜிஜி விளம்பரத் தளத்தில் 2015ஆம் ஆண்டுச் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். இவ்வளவு பழையதை நம்பி வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

வாங்கலாம், சகோதரி. ஆனால் 1200 டொலரையும் விற்பவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். சைக்கிளை 800க்குள் முடியுங்கள். மிச்சம் 400 வீட்டிலேயே இருக்கட்டும். அது ஏன் என்று சொல்லத்தான் இம்மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற வாசகர்களுக்கும் இது வேண்டாத கதையாக இராது. உங்கள் வீடுகளிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பாவித்த சைக்கிள் என்றதும் கூச்சப்படுகிறவர்களை இங்கே காண்கிறேன். எங்களுக்கு அது புதிதா? தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. நெல்லு மூட்டை, விறகு, ஆசுபத்திரிக்குப் போகிற நோயாளி, எல்லாம் சைக்கிளில்தான் போயின. பின்சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். எங்கள் வீட்டு றலி, அப்பாவின் கைக்கு வருமுன் இரண்டு பேர் ஓடியது. அதை வாங்கப் போன அன்று நானும் கூடப் போனேன். அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பின்சில்லைக் கழற்றினார். கோனை இளக்கி, உள்ளே இருந்த கால் அங்குலக் குண்டுகளைப் பழைய பேப்பர் ஒன்றில் கொட்டினார். பக்கத்துக்கு ஒன்பது. ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உருட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டில் புள்ளி விழுந்திருந்தது. கோனில் குண்டு ஓடுகிற தடத்தில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். பிறகு கிறீஸ் வைத்து எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டி, கையைத் துடைத்துக்கொண்டுதான் விலையைக் கேட்டார். அதற்குள் அரை மணித்தியாலம் போய்விட்டது.

மவுண்டன் பைக் என்ற விளையாட்டே பழைய சைக்கிளில் பிறந்ததுதான். எழுபதுகளில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஜோ பிறீஸ், கரி ஃபிஷர், சார்ளி கெலி போன்ற இளைஞர்கள், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் செய்யப்பட்ட பாரமான ஷ்வின் சைக்கிள்களைத் தேடி எடுத்துத் திருத்தி, மலையிலிருந்து இறங்கினார்கள். 1976இல் அங்கே ஒரு மண் பாதையில் போட்டி வைக்கத் தொடங்கினார்கள். ‘றீபாக்’ என்று அதற்குப் பெயர். ஒருமுறை இறங்கி முடித்தால் பின்சில்லு ஹப்புக்குள் இருக்கும் பிறேக்கின் சூட்டில் கிறீஸ் எல்லாம் புகையாகப் போய்விடும். திரும்பவும் கழற்றிக் கிறீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலைதான் பாதைக்கே பெயரானது. அடுத்த வருடம் ஜோ பிறீஸ் இந்த ஓட்டத்துக்கென்றே புதிதாக ஒரு பிரேம் செய்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் ஒரு போட்டியாகவே வந்துவிட்டது. எந்தக் கூச்சமும் இல்லாமல் பழையதை வாங்குங்கள்.

ஆனால் அப்பாவின் றலிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. றலியின் பிரேம் ஒரே துண்டு. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் பின்சில்லைத் தாங்குகிற பகுதி தனி. அது மூட்டுகளால் பிரேமோடு பூட்டப்பட்டிருக்கும். எங்கள் முழங்காலைப் போல மடங்கி நிமிர்கிற மூட்டுகள். ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் சிறிய பெயாரிங்குகள். இரண்டு பகுதிக்கும் நடுவே ஷொக். அதற்குள் காற்றும் எண்ணெயும் இருக்கின்றன. காற்று வில்லாக நின்று தாங்கும். எண்ணெய் சின்னத் துவாரங்களூடாக ஓடி, வில்லின் துள்ளலை அடக்கும்.

2015ஆம் ஆண்டளவில் வந்த சைக்கிள்கள் பலவற்றில் ஷொக் முழுதாக அமுங்கினால் 57 மில்லிமீற்றர் உள்ளே போகும். அதே நேரத்தில் பின்சில்லு 140 மில்லிமீற்றர் அளவில் மேலே எழும். ஒன்றுக்கு இரண்டரை என்ற கணக்கு. ஷொக்கின் நுனியில் போல்ட்டைச் சுற்றி ஒரு சின்னப் புஷ் இருக்கிறது. அது ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால் பின்சில்லில் இரண்டரை மில்லிமீற்றர் ஆட்டமாகத் தெரியும். அதற்கு மேல் மூட்டுகளின் தேய்மானமும் சேரும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கிற சைக்கிள் காட்டுக்குள் இறங்கியதும் கடகடவென்று அடிப்பது இதனால்தான். விற்பவர்கள் போடும் படங்களில் பெயின்ற் தெரியும், கொம்பனியின் பெயர் தெரியும். இந்த ஆட்டம் தெரியாது. கையால்தான் தெரியும்.

விற்பவர் வீட்டு வாசலில் சைக்கிளை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சீற்றின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். சில்லு நிலத்தை விட்டு எழும்ப வேண்டாம். கால் அங்குலம், அரை அங்குலம் அளவுக்கு மெதுவாக மேலே இழுத்து விடுங்கள். திரும்பவும் செய்யுங்கள். நல்ல நிலையில் உள்ளது இழுத்த உடனேயே ஷொக்கின் இழுவையோடு இதமாக வரும். தேய்ந்தது முதலில் ஒரு வெற்று அசைவு காட்டும், பிறகு ‘டொக்’ என்று பிடிக்கும். எங்கே என்று கண்டுபிடிக்க மற்றக் கையின் விரல் நுனிகளை ஒவ்வொரு மூட்டின் மேலும், இரண்டு பாகமும் சேர்கிற விளிம்பில் வைத்துக்கொண்டு இழுங்கள். அடிக்கிற மூட்டு விரலுக்குச் சொல்லும். ஷொக்கின் இரண்டு நுனியையும் இப்படியே தொட்டுப் பாருங்கள். பிறகு பின்சில்லை மேல் பக்கத்தில் பிடித்து இடமும் வலமுமாக அசையுங்கள். முன்பக்கத்துக்கு, முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஒரு விரல் ஹாண்டிலுக்குக் கீழே, பிரேமும் முன்சில்லைத் தாங்குகிற ஃபோர்க்கும் சேருகிற இடத்தில் இருக்கட்டும்.

ஷொக்கின் நுனியில் உள்ள புஷ் என்றால் பயப்பட வேண்டாம், மலிவாக மாற்றலாம். மூட்டுப் பெயாரிங் என்றாலும் மாற்றலாம், ஆனால் வேலை அதிகம். பெயாரிங் கிடக்கிற குழியே பெருத்துப் போயிருந்தால் அந்தச் சைக்கிளை விட்டுவிட்டு வாருங்கள்.

ஷொக்கைப் பார்க்க ஷொக் பம்ப் ஒன்று வேண்டும். சதுர அங்குலத்துக்கு 150, 200 றாத்தல் காற்று போகிற இடம் அது, சாதாரண சைக்கிள் பம்பால் முடியாது. மகன் சீற்றில் ஏறி அசையாமல் இருக்கும்போது 57 மில்லிமீற்றரில் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் அமுங்கி நிற்கும்படி காற்றை வையுங்கள். ஷொக்கின் தண்டில் ஒரு சின்ன றபர் வளையம் இருக்கும். எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டும். அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளின் மற்ற இடங்களைப் பாருங்கள். இருபது நிமிடம் கழித்து வந்து திரும்ப ஏறிப் பார்த்தால் அமுக்கம் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் காற்று கசிகிறது. சிவப்பு நிறத் திருகு ஒன்றிருக்கும். அதை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிச் சீற்றை அமுக்கி விடுங்கள், பிறகு மற்றப் பக்கம் முழுதாகத் திருப்பி அமுக்கி விடுங்கள். திரும்பி எழும்புகிற வேகத்தில் நல்ல வித்தியாசம் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி எழும்பினாலோ, உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டாலோ எண்ணெய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது வழமை, சொட்டுவது பழுது. கடைசியாக, ஷொக்கின் தண்டிலும் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் அப்பா செய்ததுபோல விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். நகம் எங்காவது தடக்கினால் அந்தக் கீறல், காற்றையும் எண்ணெயையும் உள்ளே அடைத்து வைக்கிற ‘சீல்’ வளையத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். மேற்பூச்சு தேய்ந்து வேறு நிறம் தெரிந்தாலும் அப்படித்தான்.

எப்போது கடைசியாகச் சேர்விஸ் செய்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். இந்த ஷொக்குகளின் காற்றுப் பகுதியை ஐம்பது மணித்தியாலம் ஓடியதும் கழற்றிச் சுத்தம் செய்து சீல் பார்க்க வேண்டும் என்று செய்பவர்களில் சிலர் சொல்கிறார்கள். கிழமைக்கு இரண்டு நாள் ஓடுகிறவனுக்கு அது ஒரு கோடைகாலம். நான் கேட்டவர்களில் பாதிப் பேர், ஷொக்குக்குச் சேர்விஸ் உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் அவரோடு சண்டை வேண்டாம். அந்தச் செலவை மனதில் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இவ்வளவும் எழுதுகிற எனக்கும் ஒரு அடி விழுந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன், நல்ல பெயருள்ள சைக்கிள் ஒன்று 600 டொலருக்கு வந்தது. பிரேமில் ஒரு கீறல் இல்லை. அன்று மழை தூறியது, விற்பவர் அவசரப்பட்டார், நானும் அவசரப்பட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாம் நாள் ஷொக்கில் காற்று நிற்கவில்லை. திருத்துகிற இடத்துக்குக் கொண்டுபோனால், அந்த ஷொக் அந்த பிரேமுக்கென்றே செய்யப்பட்டது, உள்ளே போடுகிற பாகங்கள் இப்போது வருவதில்லை என்றார்கள். வெளியிலிருந்து வேறு ஷொக் பூட்டவும் வழியில்லை, நுனியின் அமைப்பே வேறு. ஒரு கோடைகாலம் முழுவதும் அது கராஜில் தொங்கியது. பிரேமில் பிழையில்லை, சில்லில் பிழையில்லை. ஓட முடியவில்லை, அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

அதனால் சைக்கிளைப் பார்க்கப் போகுமுன்பே விற்பவரிடம் ஷொக்கின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு போல்ட்டுக்கும் நடுவே உள்ள நீளம், அமுங்குகிற அளவு, இந்த இரண்டும் தெரிய வேண்டும். 200க்கு 57, 190க்கு 50 என்பவை அந்த நாட்களில் பரவலாக இருந்த அளவுகள். 2016இல் புதிய அளவு முறை வந்த பிறகும் பழையவற்றுக்குப் பாகம் தேடலாம். அந்த எண்களோடு ஷொக் திருத்துகிற ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, இதற்குச் சீல் கிடைக்குமா என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

எந்த வருடத்துச் சைக்கிள் நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மகன் பார்த்து வைத்திருக்கிற 2015 நல்ல காலம். அதற்கு முந்திய பத்தாண்டில் சில்லு 26 அங்குலம். பிறகு 29 பரவியது, 2013, 2014 அளவில் 27.5 வந்து 26ஐத் தள்ளிவிட்டது. 26க்கு ரயர் இன்னும் கிடைக்கிறது, நல்ல ஃபோர்க் கிடைப்பதுதான் கஷ்டம். ஃபோர்க்கின் கழுத்தும் மாறியது. முன்பு மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், பிறகு கீழே ஒன்றரை அங்குலமாக விரிந்த கழுத்து. பின்சில்லின் அச்சு முன்பு மெல்லியது, 135 மில்லிமீற்றர் அகலம். பிறகு 12 மில்லிமீற்றர் பருமனில் 142 அகலம். அதன் பிறகு 148. 27.5 அல்லது 29 சில்லு, விரிந்த கழுத்து, 142 அச்சு, இந்த மூன்றும் இருந்தால் எது உடைந்தாலும் மாற்றுப் பாகம் தேடலாம். பொத்தானை அமத்தினால் இறங்குகிற சீற் தண்டும் கூட இருந்தால் மகன் துள்ளிக் குதிப்பான், ஆனால் அதற்காக விலையைக் கூட்ட வேண்டாம். கொம்பனியைப் பொறுத்தவரை ஜயன்ற், ட்ரெக், ஸ்பெஷலைஸ்ட், கனடாவிலேயே பிரிட்டிஷ் கொலம்பியாவின் நோர்கோ, கியூபெக்கின் டெவின்சி, எதுவானாலும் சரி. நிலைமைதான் முக்கியம். எந்தக் கொம்பனியானாலும் பிரேமுக்கான உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், உங்களுக்கு வராது.

பெரிய கடைகளில் 400 டொலருக்குப் புதிதாகவே இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் விற்கிறார்கள். அதை வாங்கிவிடாதீர்கள். வெறும் ஸ்பிரிங், அடக்குவதற்கு எண்ணெய் இல்லை. கல்லில் ஏறினால் எறிந்துவிடும். பாரமும் கூட. அந்தக் காசுக்குப் பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத நல்ல சைக்கிள் வாங்கினால் பிள்ளை பத்திரமாக ஓடுவான்.

விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள், வருமுன் சைக்கிளைக் கழுவ வேண்டாம் என்று. அழுக்கு நிறையச் சொல்லும். எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி கறுப்பாக ஒட்டியிருக்கும். வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினால் அந்தத் தடம் போய்விடும், பெயாரிங்குக்குள் தண்ணீரும் போய்விடும். ஈரத் துணி ஒன்றை நீங்கள் கொண்டுபோய், ஒட்டு வைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். சீற் தண்டு நுழைகிற குழாயும் மேற்குழாயும் சேருகிற மூலை, பெடல் அச்சைச் சுற்றிய இடம், ஒவ்வொரு மூட்டின் கரை. அலுமினியத்தில் வெடிப்பு மயிர்க்கோடு போலத்தான் தொடங்கும். பெயின்றில் மட்டும் உள்ள கீறல் ஈரத் துணியால் துடைத்ததும் மங்கும். வெடிப்பு அழுக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் தெளிவாகத் தெரியும். காபன் பிரேம் என்றால் அனுபவமுள்ள ஒருவர் பார்க்காமல் வாங்காதீர்கள். இந்த விலைக்கு அலுமினியமே போதும். சீற் தண்டு மேலும் கீழும் நகர்கிறதா என்றும் பாருங்கள். பல வருடம் அசையாமல் இறுகிப் போனதைக் கழற்றுவது பெரிய பாடு.

செயினுக்கு ஒரு அடிமட்டம் போதும். ஒரு ஊசியின் நடுவிலிருந்து பன்னிரண்டு அங்குலம் அளந்தால் புதிய செயினில் இன்னொரு ஊசியின் நடு சரியாக வந்து நிற்கும். அரைக்கால் அங்குலம் தள்ளி நின்றால் செயினோடு பற்சக்கரங்களும் போய்விட்டன. பிறேக் லீவர் ஹாண்டிலைத் தொடும்வரை வந்தால் எண்ணெய்க்குள் காற்று. அது திருத்தக்கூடியது. சில்லைக் கழற்றிய நிலையில் மட்டும் லீவரைப் பிடிக்க வேண்டாம், பிஸ்ரன் வெளியே வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். பெடல் அச்சுக்குக் கீழே பிரேமில் வரிசை எண் வெட்டியிருக்கும். அதை 529 கராஜ், பைக் இன்டெக்ஸ் போன்ற பதிவேடுகளில் போட்டுப் பாருங்கள். களவு போன சைக்கிளா என்று அங்கே தேடலாம். எண்ணை அரத்தால் அராவியிருந்தால் பேச்சையே நிறுத்திவிட்டு வாருங்கள். எத்தனையோ மணித்தியாலம் வேலை செய்து ஒரு பிள்ளைக்கு யாரோ வாங்கிக் கொடுத்த சைக்கிளாக அது இருக்கலாம். அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த 400 டொலர். ஷொக் சேர்விசுக்கும் ஃபோர்க்கின் எண்ணெய், சீலுக்கும் அதில் பெரிய பங்கு போகும். செயினும் பிறேக் பாட்களும் கொஞ்சம் எடுக்கும். மூட்டுப் பெயாரிங்கில் மிச்சம் பிடிக்கலாம். அவை சைக்கிளுக்கென்று தனியாகச் செய்தவை அல்ல. கறுப்பு மூடியில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 6902 என்றிருந்தால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீற்றர் என்று உலகம் முழுவதும் ஒரே கணக்கு. யந்திரங்களுக்குப் பெயாரிங் விற்கிற கடையில் இரண்டு பக்கமும் றபர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்கலாம். பழையதைத் தட்டி எடுத்துப் புதியதை நீளமான போல்ட், நட்டு, இரண்டு வளையம் வைத்து மெல்ல இறுக்கி உள்ளே இறக்கலாம். சுத்தியல் வேண்டாம். வெளிவளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். மகனையே செய்யவிடுங்கள். தானே மூட்டுக்கு மூட்டு கழற்றிப் பூட்டிய சைக்கிளில் ஒரு சத்தம் வந்தால், எங்கிருந்து வருகிறது என்று ஓடும்போதே அவனுக்கு விளங்கும்.

அவசரமும் வேண்டாம். மே மாதத்தில் எல்லாருக்கும் சைக்கிள் வேண்டும். இலை கொட்டுகிற நேரத்தில், பனிக்கு முன் கராஜைக் காலியாக்க நினைக்கிறவர்கள் விலையைக் குறைப்பார்கள். பாதைகள் ஈரமாயிருக்கும் வசந்த நாட்களில் எப்படியும் காட்டுக்குள் ஓடக் கூடாது, சேற்றில் பதிகிற சில்லுத் தடம் பாதையையே அழித்துவிடும்.

சகோதரி, நீங்கள் விலை எழுதியிருக்கிறீர்கள், வருடம் எழுதியிருக்கிறீர்கள், நிறம்கூட எழுதியிருக்கிறீர்கள். மகனின் உயரத்தை எழுதவில்லை. சைக்கிளின் அளவையும் எழுதவில்லை. 2015இல் செய்தவை இன்றையவற்றைவிட நீளத்தில் கட்டை. இன்று மீடியம் பொருந்துகிற பிள்ளைக்கு அந்தக் காலத்து லார்ஜ் பொருந்தலாம், அவன் இன்னும் வளருவான் வேறு. இரண்டையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இந்தச் சனிக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. ஷொக் பம்பும் ஈரத் துணியும் நான் கொண்டுவருகிறேன், மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கழுவ வேண்டாம் என்று விற்பவரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்